கொசுவலைக்குள் போன கப்பல்

“நான் மல்லாந்து படுத்திருக்கேன் பாய். ஒரு கப்பல் தலைகீழா வந்து என் கொசுவலைக்குள்ள நுழையுது. புகைபோக்கி என் தொப்புளத் தொடுற மாதிரி வருது. நான் மூச்ச உள்ள இழுத்து வயித்த ஒடுக்கிக்கிட்டேன். இல்லேன்னா இடிச்சிருக்கும், கப்பலுக்குத்தான் சேதம்.”

பபேடானில், இருபத்தெட்டாம் தெருவில் பீர் முகைதீனின் குடைக்கடையில் உட்கார்ந்து அப்பாசாமி இதைச் சொன்னபோது ரங்கூனில் மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்துகொண்டிருந்தது. அந்த வருடத்து மழை அப்படி இப்படி இல்லை. தெருவில் போன சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்குத் துடுப்பு போடலாமா என்று ஆட்கள் யோசித்தார்கள். சூலே பகோடா பக்கம் பஸ் பிடிக்கப் போனவர்கள் மீன் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அப்பாசாமி சொன்ன கணக்கு இது.

“கப்பல்ல ஆளுங்க இருந்தாங்களா அண்ணே?” என்று பீர் முகைதீன் கேட்டார். புதன்கிழமையிலிருந்து இதே கதையைத் தினமும் கேட்கிறார். ஆனாலும் கேட்டார்.

“ஏன் இல்லாம? எல்லாரும் தலைகீழா நிக்கிறாங்க. ஒருத்தர்கூட விழல. சமையல்காரன் ஒருத்தன் சட்டியில குழம்பு கிண்டிக்கிட்டே போறான். ஒரு சொட்டு சிந்தலையே.”

“என்ன குழம்பு?”

“மீன் குழம்பு. மாங்கா போட்டது.”

பீர் முகைதீன் தலையை ஆட்டினார். அவர் எதையும் நம்பிவிடுவார். நம்புவதற்கு இன்னும் யாரும் வரி போடவில்லை என்பது அவர் வாதம். எதிர்க்கடையில் லப்பையே டீ போடுகிறவர், பக்கத்து வீட்டு மா சின், தெருமுனையில் வெற்றிலை மடிக்கிறவர் என்று தெருவே நம்பியது. மழைக்காலத்தில் வியாபாரமும் இல்லை, மின்சாரமும் இல்லை, ஒரு கப்பலாவது இருக்கட்டுமே.

நம்பாத ஆள் ஒருவர்தான். கடையின் உள்பக்கம், தொலைபேசிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் அம்சவேணி, அப்பாசாமியின் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் சுமதி மண்டலேயிலிருந்து அந்தத் தொலைபேசிக்குத்தான் கூப்பிடுவாள்.

மணி அடித்தது. அம்சவேணி எடுத்தாள். நாலு வார்த்தை நலம் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மழையும் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டதால் எல்லாம் அப்பாசாமியின் காதில் விழுந்தது.

“ஆமாம்மா, இன்னும் அதேதான் சொல்லிக்கிட்டிருக்காரு... இல்ல, இது எப்பவும் மாதிரி இல்ல... சரி. நீ சொல்றதுதான் சரி. மாசக் கடைசியில வீட்டக் காலி பண்ணிட்டு அங்க வந்துடுறோம்.”

அப்பாசாமியின் கையில் இருந்த லப்பையே ஆறிப்போனது.

மண்டலேக்கு வந்துவிடுங்கள் என்று சுமதி மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல மகள், நல்ல மருமகன், கொல்லையில் பலாமரம்கூட உண்டு. ஆனால் அந்த வீட்டில் அப்பாசாமியின் பேச்சைக் கேட்க பலாமரம் மட்டும்தான் உண்டு. ரங்கூனை விட்டால் இந்தத் தெரு இல்லை, இந்தக் கடை இல்லை, ‘என்ன குழம்பு’ என்று கேட்கிற பீர் முகைதீன் இல்லை. “அப்பா இங்கயே நல்லாத்தான் இருக்காரு” என்று சொல்லி இதுவரை காப்பாற்றி வந்தவள் அம்சவேணிதான். இப்போது அவளே கட்சி மாறிவிட்டாள்.

மூன்றாவது மாடிக்குப் படியேறும்போது அவர் கேட்டார்: “எத்தனை கதை சொல்லியிருக்கேன் வேணி? க்யிம்யிண்டைங் படகுத்துறையில முதலை முதுகுல கால வச்சு இறங்கினேன்னு சொன்னேன். அப்பல்லாம் சிரிச்சியே.”

“அது பொய். பொய்னு உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.”

“இது மட்டும்?”

அம்சவேணி படியில் நின்றாள். “நீங்க பொய் சொல்றப்ப இடது காது மடலத் தடவுவீங்க. கல்யாணம் ஆன வாரத்துலயே கண்டுபிடிச்சிட்டேன். சொன்னா கைய அடக்கிடுவீங்கன்னு சொல்லல. முதலைக்குத் தடவினீங்க. இப்ப அந்தச் சமையல்காரனுக்குத் தடவினீங்க. கப்பலுக்குத் தடவலீங்க.”

“அப்ப அது நெஜம்னு தெரியுதில்ல?”

“இல்லீங்க. நீங்க அத நம்புறீங்கன்னு தெரியுது.” அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க பொய் சொன்னா எனக்கு ஒரு பயமும் இல்ல. இதுதான் பயமா இருக்கு.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாசாமி மாட்டிக்கொண்டார். அதுவும் ஓர் உண்மையைச் சொன்னதற்காக.

அந்த உண்மை கியாக்டடாவில், ராஜரத்தினத்தின் டிராவல்ஸ் அலுவலகத்தில் தொடங்கியது. மழைக்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வரமாட்டார்கள். பெரிய ஹோட்டல்களில் அறைகள் பூட்டிக் கிடந்து பூஞ்சை பிடிக்கும். அதனால் சில ஹோட்டல்கள் ஒன்றுசேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருந்தன. யார் வேண்டுமானாலும் ஒரு விலை சொல்லலாம். ஒரே ஒரு தடவைதான். கட்டுப்படியானால் ஏதாவது ஒரு ஹோட்டல் அதை ஏற்றுக்கொள்ளும். எந்த ஹோட்டல் என்பது ஏற்ற பிறகுதான் தெரியும். அறை செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்.

ரங்கூனில் பாதிப் பேருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அப்பாசாமி உளுந்துத் தரகராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிய சாக்குக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலேயே சரக்கு மேலேயும் கீழேயும் ஒன்றுதானா என்று சொன்னவர். ஹோட்டல் என்ன, பெரிய சாக்கு.

அலுவலகத்தில் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் விலையை அடுத்தவர் கேட்டுவிட்டால் காரியம் கெட்டது. ராஜரத்தினமும் தரகர் மகன்தான். அவன் எழுந்து மேசைக்கு மேல் கையை நீட்டினான். அப்பாசாமி தோளில் இருந்த துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டார். பருப்புச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்குள்ளே விரல் விரலைப் பிடிக்கும். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. முகம் மட்டும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

“என்ன மழை மாமா.”

“ஆமாப்பா, காக்காகூட நனையுது.”

விலை முடிந்தது. மகிழ்ச்சியில் அப்பாசாமி ராஜரத்தினத்தின் உள்ளங்கையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். ராஜரத்தினம் கம்ப்யூட்டரில் தட்டினான். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. பிறகு பதில் வந்தது.

ஆல்பியன் ஹோட்டல்.

ஆற்றோரத்துப் பெரிய சாலையில் அந்த வெள்ளைக் கட்டடத்தை ரங்கூனில் பார்க்காதவர் இல்லை, உள்ளே போனவரும் இல்லை. அதன் வாசற்படி அப்பாசாமியின் வீட்டு வாடகையைவிட உயரம். அந்த வாசலில் நிற்கும் ஆளின் தலைப்பாகையைப் பார்த்து, வாலிபத்தில் அப்பாசாமி யாரோ பெரிய மனிதர் என்று இரண்டு தடவை கும்பிட்டிருக்கிறார்.

முதல் செவ்வாய்க்கிழமை அந்த ஆள் அவரைக் கும்பிட்டான். அந்தக் கணத்திலேயே கொடுத்த விலைக்குச் சரியாகிவிட்டது, மீதி எல்லாம் லாபம் என்று அப்பாசாமி முடிவு செய்தார்.

உள்ளே எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. தேக்குப் படிகள் காலுக்குக் கீழே மெதுவாகப் பெருமூச்சு விட்டன. தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து இளைப்பாறினார்கள். அறையில் மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி சுற்றியது. குளியல்தொட்டிக்குச் சிங்கத்தின் கால்கள் இருந்தன. “ராத்திரி இது எந்திரிச்சு நடக்கும் வேணி” என்றார் அப்பாசாமி, காதைத் தடவிக்கொண்டே. கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கொசுவலை, ஒரு சின்ன வீடு அளவுக்கு. அதற்குள் இருவரும் படுத்துக்கொண்டு, மேகத்துக்குள் படுத்ததுபோல் கிடந்தார்கள். ஆற்றின் ஈரவாசனை எங்கிருந்தோ வந்து தலையணையில் உட்கார்ந்தது.

காலையில் அம்சவேணி முதல் ஆளாகக் கீழே போய்விட்டாள். காலை உணவு இலவசம். இலவசம் என்றால் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது அவள் எண்ணம். அப்பாசாமி கண்ணை விழித்தபோது ஜன்னலின் தேக்குக் கதவுகள் சாத்தியிருந்தன. அறை கும்மிருட்டு. அந்த இருட்டில், கொசுவலையின் மேல், ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வானம் கீழே, தண்ணீர் மேலே. ஒரு வெள்ளைக் கப்பல் தலைகீழாக வந்தது. மடிப்புகளில் நெளிந்து, நிமிர்ந்து, அவர் மேல் சத்தமில்லாமல் போனது. அவருக்குப் பயமே வரவில்லை. யாரோ தன் கனவைக் கழுவிக் காயப்போட்டதுபோல் இருந்தது.

கப்பலைப் பிடிக்க ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். வெளிச்சம் பாய்ந்தது. கொசுவலையில் ஒன்றும் இல்லை. வெளியே நிஜ ஆற்றில் நிஜக் கப்பல் ஒன்று, நேராகத்தான், போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஜன்னல் கதவில் மரக்கணு உதிர்ந்து, துவரம்பருப்பு அளவில் ஓர் ஓட்டை இருப்பதைப் பார்த்தார். இதுதான் கப்பல் வந்த வழி என்று புரிந்தது. எப்படி வந்தது என்று புரியவில்லை.

அம்சவேணி கைப்பையில் நாலு வாழைப்பழத்துடன் மேலே வந்தபோது காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மறுபடி கதவைச் சாத்தினார். அதற்குள் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. வெறும் இருட்டுதான். கிளம்பும்போது வரவேற்பு மேசையில் இருந்த மா எய்யிடம் மட்டும் பர்மியத்தில் மனம் திறந்து சொன்னார்: “மகளே, உங்க ஜன்னல்ல ஒரு ஓட்டை இருக்கு. அதுவழியா ஒரு கப்பலே உள்ள வருது.” அவள் பணிவாகக் குறித்துக்கொண்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. மீன் குழம்பு பிறகு சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை படியில் அம்சவேணி அப்படிச் சொன்ன பிறகு அப்பாசாமி கதை சொல்வதை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை குடைக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பீர் முகைதீனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. “அந்தச் சமையல்காரன் சோறு வடிச்சானா அண்ணே?” என்று எடுத்துக்கொடுத்தும் பார்த்தார். “தெரியல பாய்” என்றார் அப்பாசாமி.

அப்போதுதான் கம்பி உடைந்த குடையோடு ராஜரத்தினம் வந்தான்.

“மாமா, நாளைக்கு ரெண்டாவது செவ்வாய். மறந்துடாதீங்க.”

“என்ன ரெண்டாவது?”

“நீங்கதானே ஜோடின்னு சொன்னீங்க?”

அப்பாசாமி தன் கட்டைவிரலைப் பார்த்தார். சந்தையில் விலை முடிந்ததும் கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தினால், இதே விலைக்கு இன்னொன்றும் சேர்த்து என்று பொருள். மூட்டைகளை எப்போதும் இரண்டிரண்டாகவே எடுத்துப் பழகிய விரல். ஹோட்டல் அறை என்று அதற்கு யார் சொன்னார்கள்?

“வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா.”

“துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்லலாமா மாமா? எங்கப்பா அப்படி வளர்க்கலையே.”

அப்பாசாமி எழுந்து நின்று அந்தத் தரகர் மகனைக் கட்டிக்கொண்டார். பீர் முகைதீன் குடைக்குக் கம்பியைச் சும்மாவே போட்டுக்கொடுத்தார்.

“இந்த ஒரு தடவை வா வேணி,” என்று அன்று மாலை அவளிடம் சொன்னார். “கப்பல் வரலைன்னா நானே பெட்டியக் கட்டுறேன். மண்டலேக்கு ஒரு வார்த்தை பேசாம வர்றேன். பலாமரத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்.”

அவள் நீண்ட நேரம் அவர் கையையே பார்த்தாள். அது காதுக்குப் போகவில்லை. “சரி,” என்றாள்.

மறுநாள் மா எய் அவர்களைச் சிரித்துக்கொண்டே வரவேற்றாள். அதே அறையை ஒதுக்கி வைத்திருந்தாள். அப்பாசாமி நேராக ஜன்னலுக்குப் போனார். ஓட்டையைக் காணோம்.

“நீங்க சொன்னீங்கல்ல ஐயா, அன்னைக்கே தச்சர வரச்சொல்லி அடைச்சிட்டோம்,” என்றாள் மா எய். “இனிமே ஒரு கொசுகூட வராது.”

அப்பாசாமி கட்டிலில் உட்கார்ந்தார். இரவு முழுக்க மின்விசிறி யோசித்தது. விடியும் நேரத்தில் மழை வேறு. அம்சவேணி எழுந்து முகம் கழுவி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்துப் பூசி, கொண்டை போட்டாள். இனி கீழே போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் போகவில்லை. ஜன்னலுக்கு முன்னால் நின்று தேக்குப் பலகையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுதானா?”

“அதுக்குக் கொஞ்சம் மேல.”

கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். தச்சர் அடைத்திருந்த மக்குப் பசையைக் குத்தினாள். அது உள்ளே காயவில்லை, இன்னும் பிசுபிசுப்பாகத்தான் இருந்தது. குத்தி, நோண்டி, ஊதி, மறுபடி குத்தினாள். கூந்தல் அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

“வேணி, கீழ சாப்பாடு தீர்ந்துடும்.”

“தீரட்டும்.”

இதைக் கேட்டதும் அப்பாசாமிக்குக் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் இப்போது பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே பலாமரம் நினைவுக்கு வந்தது, கப்பல் வந்தே ஆகவேண்டும்.

ஊசி அந்தப் பக்கம் போனது. கட்டியாக ஏதோ உதிர்ந்து வெளியே விழுந்தது. வெளிச்சம் ஒரு நூல்போல உள்ளே வந்தது. ஆனால் கொசுவலையில் சாம்பல் நிறக் கறை ஒன்றுதான் விழுந்தது. வெளியே மழை.

இருவரும் வலைக்குள் போய் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கீழே தட்டுகளின் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் குறைந்தது. மொஹிங்கா மீன்சாற்றின் வாசனை படியேறி வந்து, கதவருகில் நின்று, திரும்பிப் போனது. இந்த உலகத்தில் அப்பாசாமி பேசாமல் படுத்திருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

மழைச் சத்தம் மெலிந்தது. யாரோ தூரத்தில் ஒரு கதவைச் சாத்தியதுபோல் நின்றது.

முதலில் கறை வெளுத்தது. பிறகு அதில் மஞ்சள் கசிந்தது. பிறகு, யாரும் தொடாமலேயே, கொசுவலையின் மேல்பாதியில் தண்ணீர் மின்ன ஆரம்பித்தது. சம்பான் படகு ஒன்று, உளுந்து அளவில், தலைகீழாக அதில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. கீழ்ப்பாதியில் மேகங்கள் போர்வையின் மேல் உருண்டன. அம்சவேணி கையைத் தூக்கினாள். அவள் வளையல்களின் மேல் ஆறு ஓடியது.

கப்பல் வந்தது. வெள்ளைக் கப்பல், அடிவயிறு மேலே, புகைபோக்கி கீழே. மெதுவாக, கொசுவலையின் ஒவ்வொரு மடிப்பிலும் குனிந்து எழுந்து. மேல்தளத்துக் கம்பியில் ஒரு வரிசைத் துணிகள் மேல்நோக்கிக் காய்ந்துகொண்டிருந்தன. அது அப்பாசாமியின் முழங்காலுக்கு மேலே வந்து, அம்சவேணியின் வயிற்றுக்கு மேலே போனது.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒடுக்கிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று எழுந்தாள். வலையை விலக்கிவிட்டு ஜன்னலுக்குப் போய், ஓட்டையின் மேல் ஒரு விரலை வைத்தாள். கப்பலும் ஆறும் வானமும் அணைந்தன. விரலை எடுத்தாள். எல்லாம் வந்துவிட்டன, கப்பல் மட்டும் ஒரு முழம் நகர்ந்திருந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள். விளக்கின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து ஒரு குழந்தை விளையாடுவதுபோல் இருந்தது.

“வேணி, கப்பல நிறுத்தி நிறுத்தி அனுப்பாத. உள்ள ஆளுங்க இருக்காங்க.”

அவள் சிரிக்கவில்லை. கப்பல் வலையின் ஓரம் வரை போய்ச் சுவரில் ஏறி மறையும்வரை அங்கேயே நின்றாள், அவிழ்ந்த கூந்தலோடு, கையில் கொண்டை ஊசியோடு.

வீடு வரும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி. பார்த்தாயா என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமை குடைக்கடைக்கு இருவரும் ஒரே குடையில் போனார்கள். மணி அடித்தது. அப்பாசாமி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பீர் முகைதீன் தைத்துக்கொண்டிருந்த குடையை அப்படியே நிறுத்தினார்.

“சுமதியா... நல்லா இருக்கோம். லாரி எல்லாம் பேசாத. நாங்க வரல.” மறுமுனையில் மகள் நிறையப் பேசினாள். அம்சவேணி பொறுமையாகக் கேட்டாள். “அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா... ஆமா, கப்பல்தான்... தலைகீழாத்தான். கொசுவலைக்குள்ளதான்.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நானும் பக்கத்துல படுத்திருந்தேன்டி. என் மேலதான் போச்சு. சமையல்காரன் மட்டும் உங்கப்பா சேர்த்தது.”